அக்கா வந்திருக்காவ

பாக்கியமுத்து வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட வரவேற்புப் பத்திரத்தை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தபோதே, இது இப்போதைக்கு முடிகிற காரியம் இல்லை என்று பிஷப் மாசிலாமணிக்குத் தெரிந்துபோயிற்று. சட்டம் அரை ஆள் உயரம், எழுத்தோ பொடி எழுத்து. கோயிலுக்குள்ளே வரவேற்புப் பத்திரம் வாசிக்கக் கூடாது என்று திருமண்டலம் முழுக்க உத்தரவு போட்டவர் அவர்தான். அந்த உத்தரவைச் சீயோன்விளையில் இன்று காலை காற்றில் பறக்கவிட்டவரும் அவர்தான். வெளியே பந்தலில் தேரிக்காட்டுச் செம்மண்ணை வாரி அடிக்கிறது, உள்ளேயே வாசிச்சிரலாமா ஐயா என்று சபைக் குருவானவர் ஆசீர்வாதம் ஐயர் கேட்க, முழங்கால் வலியில் சரி என்று சொல்லித் தொலைத்தார். இந்த ஆசீர்வாதம் ஐயர் கேட்காத விஷயம் உலகத்தில் ஒன்று உண்டா? கோயில் கதவுக்குப் பச்சை அடிக்கலாமா நீலம் அடிக்கலாமா, தபசு காலத்தில் ஆர்மோனியம் வாசிக்கலாமா, கல்லறைத் தோட்டத்துப் புளியமரத்தை ஏலம் விடலாமா, எல்லாவற்றுக்கும் பஸ் ஏறி வந்து பிஷப் பங்களா வராந்தாவில் குடையை மடித்து வைத்துவிட்டு நின்றுகொண்டு கேட்பார். உட்காரும் என்றால் உட்காரமாட்டார். கேட்டுக் கேட்டே ஒரு மனுஷனைக் கிழவனாக்கிவிட்டார். சரி, பத்திரத்தோடு விட்டாரா? அங்கி மாற்றுகிற வெஸ்டிரியில் பிஷப்பின் அங்கிக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே, விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில், "அக்கா வந்திருக்காவ, ஐயா" என்றார். சொல்லிவிட்டுச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். எப்போது வந்தாள், எங்கே உட்கார்ந்திருக்கிறாள், ஏதாவது சொன்னாளா, ஒன்றும் கேட்க முடியவில்லை. கோயில்பிள்ளை மணியடித்துவிட்டான், பாட்டு ஆரம்பித்துவிட்டது, பிஷப் செங்கோலைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டியதாயிற்று.

பனங்காட்டுப் பூமியில் உதித்துப் பரலோகத் திராட்சத் தோட்டத்தில் பாடுபட்ட பரிசுத்த பிதாவே என்று வாத்தியார் எடுத்தார். பரிசுத்த பிதா என்றால் ரோமாபுரியில் இருப்பவர். முப்பது வருஷமாகச் சொல்லியாகிறது, நான் அவர் இல்லை என்று. எதுகை மோனை கிடைத்துவிட்டால் இந்த ஜனங்கள் யாரை வேண்டுமானாலும் போப்பாண்டவராக்கிவிடுவார்கள். இவ்வூர் உபதேசியாரின் ஒரே மைந்தராய் அவதரித்து, என்று அடுத்தது. அப்பா எப்போது உபதேசியார் ஆனார்? அப்பா பனையேறி. நெஞ்சில் காய்ப்புக் காய்த்த பனையேறி. அவருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. பிஷப்பின் அப்பா பனையேறியாக இருந்தால் பத்திரத்துக்கு எடுப்பாக இருக்காது என்று இந்த வாத்தியார் ஒரே பேனாவில் அவரை மரத்திலிருந்து இறக்கிவிட்டார். ஒரே மைந்தர் என்பது சரி. ஒரே பிள்ளை இல்லை. இன்னொரு பிள்ளை இருக்கிறது, இந்தக் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது, இந்தப் பெண்கள் பக்கத்தில் எங்கேயோ ஒரு பாயில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்க முடிகிறதா என்றால் அதுவும் இல்லை. வாசலில் பிள்ளைகள் பன்னீர் தெளித்த தெளிப்பில் மூக்குக்கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாகக் காய்ந்து கிடக்கிறது. துடைக்கலாம் என்றால் கைக்குட்டை மேலங்கிக்கு உள்ளே, உள்ளங்கிக்கும் உள்ளே, எந்தப் பையில் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். நற்கருணை ஞாயிறு என்றால் சீயோன்விளைப் பெண்கள் எல்லாருக்கும் வெள்ளைச் சேலை, எல்லாருக்கும் முக்காடு. பாய் வரிசை முழுக்க வெள்ளையாக இருக்கிறது. இதில் அக்கா ஞானப்பூ எது? அந்தத் தூண் ஓரத்தில் கொஞ்சம் கூனினாற்போல் இருக்கிறதே, அதுவா? அதுவாக இருக்காது, அவள் கூனமாட்டாள். பார்க்காத இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கூனியிருந்தால்? அதுவும் இவருக்குத் தெரியாது. கூடப் பிறந்தவள் கூனிவிட்டாளா இல்லையா என்று தெரியாத ஆளுக்குப் பரிசுத்த பிதா என்று பட்டம். கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது. சம்பங்கி மாலையிலிருந்து ஒரு கட்டெறும்பு. மாலையைக் கழற்றி வைத்தாலும் எறும்பு மட்டும் அங்கேயே தங்கிவிட்டிருக்கிறது, காலருக்கு உள்ளே இறங்கலாமா வெளியே போகலாமா என்று யோசித்துக்கொண்டு. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது பிஷப் கழுத்தைச் சொறிய முடியாது.

விஷயம் ரொம்பச் சின்ன விஷயம். அடுத்த மாதம் அவர் பதவியிலிருந்து இறங்குகிறார். சீயோன்விளைக்கு பிஷப்பாக வருவது இதுதான் கடைசி. இன்றைக்கு நற்கருணையில் அக்கா பீடத்துக் கிராதிக்கு வந்து முழங்கால் போட்டுக் கையை நீட்டுவாளா, மாட்டாளா. அவ்வளவுதான். அவள் மகன் சாலோமோன் செத்துப்போனதிலிருந்து அவர் கையால் அவள் அப்பம் வாங்கினதில்லை. மாதா மாதம் ஆசீர்வாதம் ஐயரிடம் வாங்குகிறாள், ஒரு மாதம்கூடத் தவறினதில்லை. பிஷப் வருகிற ஞாயிறு மட்டும் அவளுக்கு ஊரில் இருப்பு கொள்ளாது. அக்காளுக்கு முழங்கால் பிடிச்சிக்கிட்டு ஐயா, அக்கா மக வீட்டுக்குத் தூத்துக்குடி போயிட்டாவ ஐயா, அக்காளுக்குப் பொடதி வலி ஐயா என்று வருஷா வருஷம் ஆசீர்வாதம் ஐயர் ஒரு காரணம் சொல்லுவார், கண்ணைப் பார்க்காமல். இப்போது எவ்வளவு சரளமாகப் பொய் வருகிறது பாருங்கள். அன்றைக்கு ஒரே ஒரு பொய் வந்திருந்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை. அதை மட்டும் அந்த மனுஷனுக்குச் சொல்ல வாய் வரவில்லை. நினைத்தாலே பிஷப்புக்கு ரத்தம் கொதித்தது. பத்திரம் இன்னும் பள்ளிக்கூடப் பருவத்தைத் தாண்டவில்லை. வேத பாடத்தில் வித்தகராய் விளங்கி, என்றது. யார் வித்தகர்? ஞானோபதேசம் ஒப்பிக்கத் தெரியாமல் திருதிருவென்று முழித்தவர் இவர். மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள் அவள்தான். பதநீர் காய்ச்சுகிற அடுப்புக்கு முன்னால் ஓலையைத் தள்ளிக்கொண்டே கேள்வி கேட்பாள், தப்பாகச் சொன்னால் கருக்குமட்டையால் காலில் ஒரு வீச்சு. உன் பிறனுக்கு நீ செய்யவேண்டிய கடமை என்ன? சொல்லுல. பிறனுக்குச் செய்யவேண்டியது ஒரு பாரா முழுக்க இருக்கும். அதில் எங்கே விட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அக்காளுக்கு என்ன செய்யவேண்டும் என்று அந்தப் பாடத்தில் இல்லவே இல்லை. அதை அவளும் கேட்கவில்லை, இவரும் படிக்கவில்லை.

எறும்பு உள்ளே இறங்குவது என்று முடிவு செய்துவிட்டது. பத்திரம் இங்கிலாந்துக்குப் போயிற்று. ஆங்கில நாடு சென்று மாமன்னரைக் கண்டு அளவளாவி. எந்த மன்னர் இவரிடம் அளவளாவினார்? மழையில் நனைந்துகொண்டு, உலகத்து பிஷப்மார் எல்லாரும் நின்ற வரிசையில் கடைசிக்கு முந்தி நின்று, தூரத்தில் ஒரு வண்டி போனதைப் பார்த்தார். காலில் குளிருக்கு வெடிப்பு வந்து, ஒரு சீமாட்டி வீட்டில் தேநீருக்குப் போனால், உங்கள் நாட்டில் செத்தவர்களை எரிப்பீர்களா புதைப்பீர்களா என்று அந்த அம்மாள் கேட்டாள். அங்கேயும் கேள்விதான். மனுஷருடைய வேலையே கேட்பது, மாசிலாமணியின் வேலை பதில் சொல்வது என்று பிறக்கும்போதே யாரோ எழுதிவிட்டார்கள். குருப்பட்டத்துக்கு முந்தித் தீக்கனாக அனுப்பப்பட்ட முதல் சபையிலேயே ஆரம்பித்தது அது. ஆர்மோனியம் வலது பக்கம் இருக்கவேண்டுமா இடது பக்கமா என்று இரண்டு கட்சி, இரண்டு கட்சிக்கும் அரிவாள். வலது பக்கம் என்று இவர் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, இவருக்கும் தெரியாது, ஆனால் சொன்ன குரலில் சந்தேகமே இல்லாமல் இருந்ததால் அரிவாள்கள் வீட்டுக்குப் போயின. அதிலிருந்து பேர் வந்துவிட்டது. மாசிலாமணி ஐயரா, அவர் பட்டுன்னு சொல்லிருவாரு. பிஷப் தேர்தலில் வடக்குக் கட்சியும் தெற்குக் கட்சியும் விடிய விடியச் சண்டை போட்டு, களைத்துப்போய், யாருக்கும் வேண்டாத ஆளாகப் பார்த்து இவரைப் பிடித்துப்போட்டார்கள். யாருக்கும் வேண்டாத ஆள் என்றால் நேர்மையான ஆள் என்று பத்திரத்தில் வரும். இதோ வந்துவிட்டது. உற்றார் உறவினர் என்று பாராது நீதியின் தராசாய் நின்ற. வாத்தியார் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, சட்டத்துக்கு மேலே தலையைத் தூக்கி, பிஷப்பைப் பார்த்தார். வேண்டுமென்றே நிறுத்தினாரா, மூச்சுவாங்கினாரா? ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைப் பத்திரத்தில் போட்டுப் பாராட்டுகிறானா குத்துகிறானா இந்த ஆள்? பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை வீரிட்டது, யாரோ தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். வெள்ளை முக்காடு ஒன்றும் அசையவில்லை.

மேற்கே ஒரு சபையில், சாலோமோன் போன அந்த வருஷம்தான், ஒரு மூப்பரின் மகள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். ஜெபப்புஸ்தகத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. அப்படிப் போனவர்களுக்கு மணி கிடையாது, அடக்க ஆராதனை கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அந்த மூப்பர் வந்து இவர் காலைப் பிடித்துக்கொண்டார். காலை விடும் என்று சொல்லிவிட்டு, முடியாது என்றார். சொல்லிவிட்டு மத்தியானம் சாப்பிட்டார், அதுவும் ஞாபகமிருக்கிறது, புடலங்காய்க் கூட்டு. மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் முதல் பஸ்ஸில் ஆசீர்வாதம் ஐயர் வந்தார். குடையை மடித்து வைத்தார். அக்கா மவன் சாலோமோன் நேத்து சாயந்தரம் கெணத்துல விழுந்து எறந்துட்டான் ஐயா என்றார். தடுப்புச் சுவர் இல்லாத கமலைக் கிணறு. தண்ணீர் எடுக்கப் போனவன் கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்று ஊரே சொல்கிறது, கிராம முன்சீப் அப்படியே எழுதிவிட்டார், வாளியும் கயிறும் தண்ணீரில் கிடந்தன. எல்லாம் ஆயிற்று. அப்புறம் இந்த மனுஷனுக்கு இங்கே என்ன வேலை? கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு மணியை அடிடா என்று சொல்லவேண்டியதுதானே? கதவுக்கு வர்ணமா இது? ஆனால் ஆசீர்வாதம் ஐயர் குடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மணி அடிக்கலாமா ஐயா, தோட்டத்துல எடம் குடுக்கலாமா ஐயா என்று கேட்டார். கேட்டால்? கேட்டால் பதில் சொல்லவேண்டியிருக்கிறதே. அந்த மூப்பர் இவர் மனசில் அந்த நிமிஷமும் காலடியில்தான் உட்கார்ந்திருந்தார், இன்னும் எழுந்து போகாதவர்போல. அதனால் இவர் திருப்பிக் கேட்டார். "விழுந்தானா, குதிச்சானா? நீர் சொல்லும், நான் நம்புதேன்." விழுந்தான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தானே அப்படிக் கேட்டது? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாரும் வாரும் என்று கூப்பிடுவதற்கு மேல் ஒரு பிஷப் என்ன செய்யமுடியும்? ஆசீர்வாதம் ஐயர் குடையை எடுத்து நேராகச் சாய்த்து வைத்தார். "எனக்குத் தெரியாது ஐயா. நான் பாக்கல" என்றார். அப்படியானால் இல்லை என்று இவர் வாயிலிருந்து வந்துவிட்டது. பட்டுன்னு.

தோட்டத்துச் சுவருக்கு வெளியே, ஓடை ஓரத்தில், உடைமரத்தடியில் வைத்தார்களாம். மணி அடிக்கவில்லையாம். ஆசீர்வாதம் ஐயர் அங்கி இல்லாமல், வேஷ்டி சட்டையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாராம். இவர் போகவில்லை. தாய்மாமன் போகவேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. பிஷப்பிடம் அதை எப்படிக் கேட்பது? போனால் பிஷப் தன் சட்டத்தைத் தானே உடைக்க வந்துவிட்டார் என்று சொல்வார்கள், மூப்பர் காதுக்குப் போகும், பிஷப் நின்றாலே அது அடக்க ஆராதனை ஆகிவிடும். இப்படி நியாயம் நியாயமாக அடுக்கிவைத்துக்கொண்டு, மேற்கே பிள்ளைகள் தலையில் கைவைக்கிற திடப்படுத்தலுக்குத் தேதி கொடுத்திருந்தபடி போய்விட்டார். எல்லா நியாயமும் சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒன்றிலும் ஓட்டை இல்லை. அதுதான் எரிச்சல். ஓட்டை இருந்தால் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு விடலாம். பத்திரம் முடிந்தது. கைதட்டல் கூடாது என்று சொல்லியும் கைதட்டினார்கள். வாத்தியார் கண்ணாடிச் சட்டத்தை இவர் மடியில் வைத்தார், அது முழங்காலில் சரியாக வலிக்கிற இடத்தில் உட்கார்ந்தது.

திடப்படுத்தல் ஆரம்பித்தது. பீடத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் இரண்டு இரண்டாக வந்து முழங்கால் போட, இரண்டு கைகளையும் இரண்டு தலைகளில் வைத்து ஜெபம் சொல்லவேண்டும். இங்கேயும் கட்சி. தெற்குத்தெருப் பையன்கூட வடக்குத்தெருப் பையன் சேர்ந்து மண்டியிடமாட்டானாம். ஆசீர்வாதம் ஐயர் வரிசையை மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் ஒற்றையாக ஒருத்தன் மிஞ்சி, தனியா வரலாமா ஐயா என்று காதுக்குள் வந்து கேட்டார். வரட்டும் என்றார். எல்லாத் தலையிலும் தேங்காயெண்ணெய். இன்றைக்கு விசேஷம் என்று அம்மாக்காரிகள் கையால் அள்ளி வைத்துத் தேய்த்து அனுப்பியிருக்கிறார்கள். உள்ளங்கை வழுக்குகிறது, ஜெபம் வாயில் தானாக ஓடுகிறது. சாலோமோன் தலையிலும் இதே நாற்காலியில் உட்கார்ந்து கை வைத்திருக்கிறார். முரட்டு மயிர். எண்ணெய் வைக்காமல் வந்திருந்தான், அக்கா வெளியே போனதும் அவனைத் திட்டினது இங்கேவரை கேட்டது. அதே தலைதான் சாவதற்குக் கொஞ்ச நாளைக்கு முந்தி பங்களா வராந்தாவுக்கு வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை காலி இருக்காமே மாமா என்று கேட்டான். டிரெயினிங் முடித்திருந்தான், நல்ல மார்க்கு, கேட்டதில் தப்பே இல்லை. சொந்தக்காரன் எவனுக்கும் வேலை கிடையாது என்பது இவர் உத்தரவு. எல்லாரையும்போல் காத்திரு என்றார். சரி மாமா என்றான். படியில் இறங்கும்போது பாதியில் நின்று, திரும்பி, ஏதோ கேட்கப்போகிறவன்போல் பார்த்தான். கேட்கவில்லை. உலகத்தில் எல்லாரும் கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறார்கள், இந்த ஒரு பயல் கேட்காமல் போனான். என்ன கேட்க வந்தாய் என்று இவராவது கேட்டிருக்கலாம். உள்ளே யாரோ காத்துக்கொண்டிருந்தார்கள், அல்லது டெலிபோன் அடித்தது, ஏதோ ஒன்று.

அதனால்தான். கை இரண்டும் ஒரே தலையில் இருக்க, ஜெபம் பாதியில் இருக்க, பிஷப்புக்கு அது சட்டென்று நேராக வந்து நின்றது, அவருக்கு ஒதுங்க இடமில்லை. ஊர் முழுக்க விழுந்தான் என்றது. முன்சீப் விழுந்தான் என்றார். வாளி விழுந்தான் என்றது; சாகப்போகிறவன் எவனாவது வாளியோடு போவானா? குதித்தான் என்று நினைத்த ஆள் உலகத்திலேயே ஒரே ஒருத்தர்தான். அந்தப் படியில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனவர். தன்னால்தான் என்று பயந்த பயத்தில், தானாகவே அவன் குதித்தான் என்று முடிவுகட்டி, அந்த முடிவை ஒரு சபைக் குருவானவர் தலையில் கேள்வியாகத் தூக்கிப்போட்டு, அவர் பொய் சொல்லவில்லை என்று பன்னிரண்டு வருஷம் அவர்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்த ஆள். ஆசீர்வாதம் ஐயரை வேறு சபைக்கு மாற்றிவிடலாமா என்று எத்தனை தடவை நினைத்தார். மாற்றாததுகூட நல்ல குணத்தால் இல்லை, மாற்றினால் அங்கே போய் எதையாவது கேட்பாரே என்றுதான். ஒற்றையாக மிஞ்சின பையன் முன்னால் முழங்காலில் நிமிர்ந்து பார்த்தான், ஐயா ஏன் இன்னும் கையை எடுக்கவில்லை என்று. கையை எடுத்தார். உள்ளங்கை எண்ணெயை எங்கே துடைப்பது என்று தெரியாமல் முழங்காலிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிஷப்புக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இந்தத் தடவை தேடவேண்டியிருக்கவில்லை.

பிரசங்கம் செய்தார். என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது, நாற்பது வருஷப் பழக்கத்தில் வாய் பார்த்துக்கொண்டது. காணிக்கைப் பாட்டில் பதினொரு சரணத்தையும் பாடினார்கள், ஒன்றையாவது விடுகிறார்களா. அப்புறம் அப்பத்தட்டை எடுத்துக்கொண்டு கிராதிக்கு வந்தார், பின்னால் பாத்திரத்தோடு ஆசீர்வாதம் ஐயர். இந்த ஊரில் முதலில் ஆண்கள், பிறகு பெண்கள். ஆண்களுக்கு இன்றைக்கு ஏன் இவ்வளவு பக்தி? கிராதி நிறைந்து நிறைந்து காலியானது. கை கையாக வந்தது, பனை ஏறின கை, கடைக்காரக் கை, வாத்தியாரின் சுண்ணாம்புக் கை. ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டு, ஒவ்வொருவருக்கும் அதே வார்த்தைகள். நின்று நின்று முழங்கால் நெருப்பாக எரிந்தது. வரமாட்டாள் என்று தோன்றியது. வந்திருக்காவ என்றால் கோயிலுக்கு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். கடைசித் தடவை முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருப்பாள். அல்லது பார்க்காமலே போய்விட்டாளோ என்னவோ, அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது அவள்தானோ? வந்தால்தான் என்ன? வந்தால் மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம். அவர் கேட்காமலே. அப்படிக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாமா? வாங்கிக்கொள்வேன் என்று வெட்கமில்லாமல் மனசு சொன்னது. வந்தால் போதும். கையை நீட்டினால் போதும். பெண்கள் எழுந்து வரத் தொடங்கினார்கள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. குனிந்த முக்காட்டுக்குள் ஒரு முகமும் தெரியவில்லை. கைகளைத்தான் பார்க்கவேண்டியிருந்தது. அவள் கை எப்படி இருக்கும் என்று தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார், ஆனால் எல்லாக் கையும் அவள் கையாகவே இருந்தது, எல்லாம் அடுப்பில் ஓலை தள்ளின கைகள்.

மூன்றாவது வரிசையில், ஓரத்திலிருந்து நாலாவது ஆளாக, அவள் இருந்தாள். கையைப் பார்த்து இல்லை, அவள் முழங்கால் போட்டிருந்த நிமிர்ச்சியைப் பார்த்துத் தெரிந்தது. கூனவில்லை. மெலிந்திருந்தாள், மெலிந்து பாதியாகியிருந்தாள், ஆனால் கூனவில்லை. ஒரு கைமேல் ஒரு கையாக வைத்து நீட்டியிருந்தாள். வார்த்தைகளைச் சொன்னார், அப்பத்தை வைத்தார், விரல் அவள் உள்ளங்கையில் பட்டது. ஆமென் என்றாள், எல்லாரும் சொல்கிறதுபோல. வாயில் போட்டுக்கொண்டாள். முடிந்தது. இவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷம்? இந்த நாளே, இந்தப் பத்திரம், இந்த எறும்பு, இந்தப் பதினொரு சரணம் எல்லாமே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. வெளியே போனதும் முதல் காரியமாக அவள் வீட்டுக்குப் போய் ஒரு வாய்க் காப்பி குடிக்கலாம் என்றுகூட நினைத்துவிட்டார். அடுத்த ஆளிடம் நகரக் காலை எடுத்தார். அவள் தலையைத் தூக்காமல், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினாள்.

"பிஷப் ஐயா மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. சட்டத்துல உள்ளத சொன்னாவ, அது அவுக வேல. எந் தம்பியத்தான் காணோம். மருமவன் செத்து இத்தன வருசமாச்சு, துட்டி கேக்க அவன் இன்னும் வரல. எங்கயாவது பாத்தியள்னா சொல்லிருங்க."

ஆசீர்வாதம் ஐயர் பாத்திரத்தோடு வந்து அவளுக்கு முன்னால் குனிந்தார். அவள் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு பாத்திரத்தை இரண்டு கைகளாலும் தாங்கிக் குடித்தாள், முந்தானையால் வாயைத் துடைத்தாள், கிராதியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். அக்கா என்று கூப்பிட அவர் வாயெடுத்தார். அங்கியும் தட்டுமாக இந்த இடத்தில் நின்று கூப்பிட்டால் அதுவும் பிஷப் கூப்பிட்டதாகத்தான் ஆகும். அவள் தன் பாய்க்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். அடுத்த பெண் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவர் நகர்ந்து போய் அவளுக்குக் கொடுத்தார்.